விரலால் இறுக்கிய ப்ளக்

நாலு மணிக்கு இழுவை வண்டி வரும். காரைக் கொக்கி போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்குள் கார் கிளம்பிவிட்டால் எனக்கு வேலை இருக்கும், இல்லையென்றால் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஷெட்டில் நின்றபோது என் தலைக்குள் இருந்தது இவ்வளவுதான். பயம் இல்லை, படபடப்பு இல்லை. மூன்று மாதமாகவே எனக்குள் எதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால் தொடுவது தெரியும், வலிக்காது.

வேலை என்பது ரத்தம் எடுக்கும் வேலை. ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எல்லோருக்கும் நான் ஊசியக்கா. வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டு, திங்களிலிருந்து ஊருக்கு மறுகோடியில் திறந்திருக்கும் புதுக் கிளைக்குப் போகச் சொன்னார். காலை ஆறு மணிக்கு முதல் ஆள் வெறும் வயிற்றோடு வந்து நிற்பாராம். என் வீட்டுப் பக்கம் முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், காரில் போனால்தான் உண்டு. "முடியலைன்னா எழுதிக் கொடுத்துடுங்கக்கா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார். அவர் எதற்கு நினைத்துக்கொள்ளப் போகிறார்?

காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதும் நான்தான். சொன்னேன் என்பதைவிடத் தலையாட்டினேன் என்பது சரி. என் வீட்டுக்காரர் செத்துப் போன பிறகு யார் எதைக் கேட்டாலும் தலையாட்டினேன். சட்டைகளைக் கொடுத்துவிடலாமா? சரி. செருப்பு? சரி. நாத்தனார் வந்து, "அண்ணி, அந்தக் காரை என் கண்ணுல படாம அனுப்பிடணும். வெயில்ல அதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னதாலதான் அண்ணன் போனான்" என்றாள். சரி என்றேன். பழைய கார் எடுக்கும் ஒருவரிடம் அவளே பேசி, ஞாயிறு நாலு மணி என்று முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மேலாளர் அறையை விட்டு வெளியே வந்தபோதுதான், முதல் தடவையாக, ஐயோ தலையாட்டிவிட்டோமே என்று தோன்றியது.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் புயல். கதவைத் தட்டி அவள் உள்ளே வந்ததாக வரலாறு இல்லை. வெள்ளிக்கிழமை இரவே போன் பண்ணி, கார் எனக்கு வேண்டும், வண்டியை வர வேண்டாம் என்று சொல் என்றேன். "ஓடாத காரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? எங்க வீட்டுக்காரர் சாவியைப் போட்டுப் பார்த்தாரே, என்ஜின் போச்சுன்னு சொன்னாரே" என்றாள். அவளுடைய புருஷனுக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் முன்சீட்டில் ஏசி எந்தப் பக்கம் அடிக்கும் என்பது மட்டும். பானட்டைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்ன மனுஷன். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள அது ஓடுச்சுன்னா வெச்சுக்கங்க. ஓடலைன்னா என் பேச்சைக் கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

பானட்டை நான் திறந்ததும் அன்று இரவுதான். மூன்று மாதமாகத் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கார் கொஞ்ச நாளாகவே இருமிக்கொண்டிருந்தது. என்ஜினுக்குள் தீப்பொறி போடும் ப்ளக்கை மாற்றணும் என்று நாலு ப்ளக் உள்ள புது டப்பா வாங்கி வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு மேல் ஷெட்டுக்குப் போனார். ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவரைக் கூப்பிடுவது ஒரு தனி வேலை. முதல் குரலுக்கு "இதோ அஞ்சு நிமிஷம்" என்று பதில் வரும். இரண்டாவது குரலுக்கும் அதே அஞ்சு நிமிஷம். மூன்றாவது குரலில் நான் கத்துவேன், அப்புறம்தான் வருவார். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. அன்று என்னவோ முதல் குரலுக்கே வந்து நின்றார். "என்ன அதிசயம், இன்னைக்கு மழை கொட்டப் போகுது" என்றேன். சிரித்தார். கையைக் கழுவினார். உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

பிறகு யாரோ பானட்டை மூடியிருக்கிறார்கள். உள்ளே அவர் விட்டது விட்டபடி கிடந்தது. நாலு ப்ளக்கிலிருந்தும் வயர்களைக் கழற்றி, ஒரு துணியால் சேர்த்துக் கட்டி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். நாத்தனார் புருஷன் சாவியைத் திருப்பிப் பார்த்தபோது வயரே இல்லாத என்ஜின் எப்படி ஓடும்? அலமாரித் தட்டில் புது டப்பா இருந்தது. அதில் மூன்று ப்ளக். ஆக, ஒன்றை மாற்றிவிட்டார், மூன்று பாக்கி. எனக்கு அழுகை வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. சனிக்கிழமை பூராவும் பாட்டரியை சார்ஜில் போட்டு வைத்தேன்.

ப்ளக் மாற்றத் தெரியுமா என்றால், தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். அவர் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டார்ச் பிடித்தவள் நான்தான். டார்ச் பிடிக்கிறவளுக்கு விளக்கவுரை இலவசம். "இங்க பாரு, முதல்ல சுத்தியுள்ள தூசியை ஊதணும், இல்லைன்னா உள்ள விழும். புதுசை எப்பவும் விரலால திருகு, ஸ்பேனரால ஆரம்பிச்சா மரை போயிடும். விரலுக்கு மேல நகராதுன்னு ஆனதும் ஸ்பேனரால அரைச் சுத்து. அரைச் சுத்துதான், வீரத்தைக் காட்டாதே." நான் கவனித்துக் கேட்டதாகவே நினைவில்லை. எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது.

சைக்கிள் பம்பால் தூசியை ஊதினேன். இடதுகோடியிலிருந்து ஆரம்பித்தேன். ப்ளக் ஸ்பேனரைக் குழிக்குள் இறக்கி, பிடியில் என் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டதும் 'கிறீச்' என்று ஒரு சத்தம், அப்புறம் லேசாகச் சுற்றியது. முதல் ப்ளக் கரிக்கட்டையாக வந்தது. பழக்க தோஷம், அதை ஒரு காலி டப்பாவில் போட்டு 'இடது ஒன்று' என்று எழுதி ஒட்டினேன். என் தொழிலில் ஒருவர் ரத்தத்துக்கு லேபிள் ஒட்டாமல் அடுத்தவர் கையைத் தொட மாட்டோம். லேபிள் மாறினால் ஒருத்தருடைய நோய் இன்னொருத்தர் தலையில் விழும். அதனால் லேபிள் சொல்வதுதான் எனக்கு வேதம். இந்தப் புத்திதான் அன்று என்னைக் கவிழ்த்தது.

மூன்று ப்ளக் மாற்றி முடித்தேன். நாலாவது குழி, வலதுகோடி. உள்ளே டார்ச் அடித்தேன். வெள்ளை வெளேரென்று புதுப் பீங்கான். அவர் மாற்றியது. இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, கைப்பிடியை மாட்டாமல் ஸ்பேனர்க் குழாயை மட்டும் இறக்கி விரலால் திருப்பினேன். எதிர்ப்பே இல்லாமல் திரும்பியது. விரலால் திருகியதோடு நிறுத்தியிருந்தார், அரைச் சுற்றுப் போடவில்லை. போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை போகவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவர் கடைசியாகத் தொட்டது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்திருப்பேனோ என்னவோ. அப்படியே விட்டேன்.

அப்போது கேட் சுவரில் போய் மோதியது. புயல் வந்துவிட்டாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் காரின் காகிதக் கட்டு.

"அண்ணி! என்ன கோலம் இது? மூஞ்சியெல்லாம் கரி."

"ப்ளக் மாத்தறேன்."

"நீங்களா?"

"இல்ல, பக்கத்து வீட்டுப் பூனை."

இந்த மாதிரி நான் பதில் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அவள் ஒரு நொடி திகைத்துப் போனாள். சாவுக்கு வந்தவர்களிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்திருந்தது: "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை பாருங்க. கல்லு." அதை நான் கேட்டேன் என்பது அவளுக்கும் தெரியும். அதிலிருந்து இருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

தூக்கைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, ஷெட் வாசலில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க பாருங்க. நாலு மணிக்கு வண்டி வந்துடும்."

வயர்களைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். ஒவ்வொரு வயர் நுனியிலும் வெள்ளை டேப் சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பேனாவால் எழுதியிருந்தார். லேபிள்! எனக்கு வேறென்ன வேண்டும்? இடதுகோடியில் ஒன்று, அடுத்து இரண்டு, அடுத்து மூன்று, வலதுகோடியில் நாலு. ஒன்றாம் வயர் எட்டவே மாட்டேன் என்றது. இழுத்துப் பிடித்து மாட்டினேன். நாலாம் வயர் தொளதொளவென்று சுருண்டு கிடந்தது. வேறு யாராவது இருந்தால் அங்கேயே யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. லேபிள் சொல்லிவிட்டது, முடிந்தது.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை. இன்னொரு தடவை. 'டப்' என்று வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். புயல் முக்காலியோடு பின்னால் நகர்ந்தாள். மூன்றாவது தடவையும் அதே டப்.

"அண்ணி, வேணாம். விட்டுடுங்க. அது ஆளைக் கொல்ற கார்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போகிறது. அதோடு வீட்டை விட்டு வெளியே போக எனக்கிருந்த ஒரே காரணமும் போகிறது. இனி இந்த வீட்டில் நானும், தலையாட்டலும்தான். இதையெல்லாம் நான் யாருக்கோ நடப்பதுபோல நினைத்துக்கொண்டிருந்தேன். மணி மூன்று அடிக்க இருந்தது.

அவளுக்குச் சும்மா இருக்க வராது. எழுந்து வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். காரைத் திட்டத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் டேப்பில் இருந்த எழுத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணன் எழுத்து."

"ம்."

"ஒண்ணை ஏன் இந்தக் கோடியில மாட்டியிருக்கீங்க?"

"இடதுலேர்ந்து முதல் அதுதானே."

"யாருக்கு? அண்ணனுக்கா?"

நான் காரை விட்டு இறங்கினேன்.

அவர் இடதுகைக்காரர். எதையும் வலப்பக்கத்திலிருந்து எண்ணுகிறவர். கல்யாணமான புதிதில், "முதல் அடுப்புல பாலை வெச்சிருக்கேன், பத்த வை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார். நான் இடது அடுப்பைப் பற்றவைத்து, வெறும் அடுப்புக்குக் காவல் இருப்பேன். அவர் குளித்துவிட்டு வந்தாலும் பால் காயாமல் அப்படியே இருக்கும். ஒரு வருடம் சண்டை போட்டு, கடைசியில் அந்த வீட்டில் வலது அடுப்புதான் முதல் அடுப்பு என்று ஆனது. இதை நான் எப்படி மறந்தேன்? ஷெட்டுக்குள் கால் வைத்ததும் அந்த வீட்டுக்காரியாக இல்லாமல் ஆஸ்பத்திரி ஊசியக்காவாக ஆகிவிட்டேன் போலிருக்கிறது. புது ப்ளக் வலதுகோடியில் இருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவர் ஆரம்பித்தது நாலிலிருந்து இல்லை. ஒன்றிலிருந்துதான். நாலு வயரையும் நான் தலைகீழ் வரிசையில் மாட்டியிருந்தேன், பிறகு என்ஜின் எப்படிப் பிடிக்கும்?

நாலு வயரையும் உருவினேன். அவள் என் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வலதுகோடிக் குழிக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"இதை இன்னும் இறுக்கலை. உங்கண்ணன் விரலால திருகிட்டு அப்படியே விட்டிருக்கார்."

"இருக்காது."

"தொட்டுப் பாரு."

அவள் குழாயை விரலால் திருப்பிப் பார்த்தாள். அது சுலபமாகத் திரும்பியது. அவள் முகம் மாறியது.

"அண்ணன் இப்படி விடவே மாட்டானே அண்ணி. ஒண்ணை முடிக்காம கையைக் கழுவ மாட்டானே. தலை போற அவசரம்னாலும் 'அஞ்சு நிமிஷம்'பானே."

அஞ்சு நிமிஷம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அரைச் சுற்று. ஒரு நொடி ஆகுமா அதற்கு? ஸ்பேனர் கையிலேயே இருந்திருக்கும். அதைக்கூடச் செய்யாமல், முதல் குரலுக்கே எழுந்து வந்திருக்கிறார். முடியாமல் வந்திருக்கிறார். ஷெட்டில் நின்றபோதே ஏதோ ஆகியிருக்கிறது, நெஞ்சோ, கையோ, மூச்சோ. என்னிடம் வந்து சொல்லத்தான் வந்திருப்பார். நான் மழை கொட்டப் போகுது என்றேன். அவர் சிரித்துவிட்டு, சொல்லாமல் கை கழுவப் போனார். தினமும் நூறு பேர் முகத்தைப் பார்த்து, இவருக்கு மயக்கம் வரும், அவருக்கு வராது என்று ஊசி குத்துகிறவள் நான். என் புருஷன் முகத்தை நான் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூப்பிட்ட உடனே வந்தார்" என்றேன். "அன்னைக்கு மட்டும். முதல் குரலுக்கே. நான் கிண்டல் பண்ணினேன்."

புயல் குழாயிலிருந்து கையை எடுத்தாள். "எனக்கு இது தெரியாதே அண்ணி" என்றாள். பிறகு, "கார்மேல பழியைப் போட்டா உங்கமேல போட வேண்டியதில்லைன்னு நினைச்சேன்" என்றாள். அவளும் இத்தனை நாள் எதையோ சுமந்துகொண்டுதான் கேட்டை இடித்துத் திறந்திருக்கிறாள்.

ஸ்பேனரில் கைப்பிடியை மாட்டினேன். விரலால் நகராது என்னும் வரை முதலில் திருகினேன். அப்புறம் அரைச் சுற்று. அரைச் சுற்றுதான். இறுகும்போது கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு அது தெரிந்தது. மூன்று மாதத்தில் என் கைக்கு நன்றாகத் தெரிந்த முதல் விஷயம் அது. வலித்தது. உள்ளங்கை இல்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு பம்பரின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். அவள் என் முதுகில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

அப்போது இழுவை வண்டி கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அரை மணி நேரம் முன்னாலேயே. வண்டிக்காரர் இறங்கி, கொக்கிச் சங்கிலியைச் சரசரவென்று இறக்க ஆரம்பித்தார். நான் வயர்களை மாட்டினேன்: வலதுகோடியில் ஒன்று, அடுத்து இரண்டு, மூன்று, இடதுகோடியில் நாலு. எந்த வயரும் இழுக்கவில்லை, எதுவும் தொங்கவில்லை. எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தன.

"எந்த வண்டிம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் புயல், கேட்டை மறித்துக்கொண்டு.

சாவியைத் திருப்பினேன். என்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒருமுறை தும்மியது. பிடித்துக்கொண்டது. முதலில் புகையாகக் கக்கி, ஷெட்டையே ஆட்டி, பிறகு மெல்ல மெல்ல அடங்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. இருமல் இல்லை. அவர் இருந்திருந்தால் காதை வைத்துக் கேட்டு, "எப்படி?" என்று என்னைப் பார்த்திருப்பார், பாராட்டுக்கு.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஓடற வண்டியையா இழுக்கச் சொன்னீங்க?"

"இல்லீங்க, தப்பாச் சொல்லிட்டேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள் புயல். அவர் முணுமுணுத்துக்கொண்டே சங்கிலியைச் சுருட்டினார். அவள் காகிதக் கட்டைக் கார் ஜன்னல் வழியாக என் மடியில் போட்டாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கையைக் கழுவுங்க. சாப்பாடு எடுத்து வைக்கறேன்" என்று உள்ளே போனாள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கு முதல் ஆள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"அண்ணி, சாப்பிட வாங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எழுந்து நேராகப் போனேன். கரிக் கையோடு சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் கரண்டியோடு திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் நெற்றியில் கையை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன அண்ணி, கூப்பிட்ட உடனே வந்துட்டீங்க? உடம்புக்கு என்ன? சொல்லுங்க, உடம்புக்கு என்ன பண்ணுது?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதம் தேங்கியதெல்லாம் அவள் தோளில் கரியோடு சேர்ந்து இறங்கியது. அவளும் அழுதாள். மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "பசிக்குது."